இரு பெட்டியும் ஒரு பட்டையும்

சேலத்தில் புறப்படும் 544ஆம் தேசிய நெடுஞ்சாலை அவிநாசி, கோவை, பாலக்காடு, திருச்சூர் ஆகிய ஊர்களைக் கடந்து, கொச்சி நகரத்து இடப்பள்ளிச் சந்திப்பில் வந்து முடிகிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காகப் புறப்பட்ட குடும்பங்கள் பல இந்தச் சாலை வழியாகவே கொச்சிக்கு வந்து சேர்ந்தன. முன்னோர் மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களை நாடி வந்தனர். இந்தத் தலைமுறையினரோ இடப்பள்ளியின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றனர். 2013ஆம் ஆண்டு அங்கே லுலு பேரங்காடி திறக்கப்பட்டது முதல், வீட்டுச் சாமான்கள் வாங்க வருவோர் கூட்டமும் பெருகிவிட்டது.

அவ்வாறு வருவோரில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டுப் பையனுக்குத் தொலைக்காட்சியில் வீடியோ விளையாட்டு ஆட வேண்டும். அதற்கேற்ற ஒலி வேண்டும். இடமும் வலமுமாக வைக்கத்தக்க இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்குவதா? திரைக்குக் கீழே நீளவாக்கில் கிடக்கும் சவுண்டுபார் என்னும் ஒலிப்பட்டையை வாங்குவதா? விற்பவர் இரண்டையும் புகழ்வார். வாடகை வீட்டில் இருப்பவர்க்கோ ஒரு மாதச் சேமிப்பு இதில் அடங்கியிருக்கிறது. இந்த வினாவிற்கு விடை கூறக் கடைக்காரரைவிடத் தகுதி வாய்ந்தது ஒன்று உண்டு. அது வரலாறு. ஏனெனில், ஒலியை ஒரே பெட்டியில் அடைப்பதா, இரு புறமும் பிரித்து வைப்பதா என்னும் வழக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது.

முதலில், நம் நாட்டுப் பழங்கலை ஒன்றை நினைவுகூர்வோம். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடைபெறுகிறது. கூத்துமாடத்தில் திரை கட்டி, விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோற்பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டுவர். பாடப்படுவது நம் கம்பரின் இராமாயணம். கேரள மண்ணில் தமிழ்ச் செய்யுள் ஒலிக்கும் இந்த அரங்கில், ஒலியமைப்பு பற்றிய நுட்பமான பாடம் ஒன்றும் இருக்கிறது. பாடும் புலவர் திரைக்குப் பின்னால், பாவைக்கு அருகிலேயே நிற்கிறார். எனவே பாவை எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே குரலும் புறப்படுகிறது. பிற்காலத்தில் திரையரங்குகளில் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்ததும் இதே காரணத்தினால்தான். இடப்பள்ளியிலுள்ள கேரள வரலாற்று அருங்காட்சியகத்திலும், ஆளுயர உருவங்களின் மீது ஒளி பாய, அவ்வுருவங்களின் கதையை ஒலிபெருக்கி எடுத்துரைக்கும் முறை கையாளப்பட்டது. கண் காணும் இடமும் காது கேட்கும் இடமும் ஒன்றானால் மனம் நம்புகிறது. அவை வேறானால் மயக்கம் கலைகிறது.

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எங்ஙனம் அறிகிறது? 1907ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு இதனை விளக்கினார். வலப்புறத்து ஒலி வலக்காதை முதலில் அடைகிறது. இடக்காதை அடையச் சற்றே தாமதமாகிறது. அத்தாமதம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றுக்கும் குறைவு. அதனுடன், மெல்லிய கீச்சொலிகளைத் தலையே மறைத்து ஒரு காதில் குறைத்துவிடுகிறது. இவ்விரு குறிப்புகளைக் கொண்டே மூளை திசையைக் கணக்கிடுகிறது. ஆகவே, திசை தெரிய வேண்டுமானால் இரு காதுகளுக்கும் வெவ்வேறான செய்தி போய்ச் சேர வேண்டும்.

இந்த உண்மை விளக்கப்படுவதற்கு முன்னரே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. 1881இல் பாரிஸ் நகரத்து மின்பொருட்காட்சியில் கிளமான் அடேர் என்பவர், ஆபரா அரங்கத்து மேடையோரம் தொலைபேசிக் கருவிகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒலியை வேறோரிடத்தில் இரு காதுகளிலும் தனித்தனியே கேட்கச் செய்தார். பாடகர் மேடையில் நடப்பதைக் கேட்போர் காதாலேயே உணர்ந்தனர். பின்னர், 1931 டிசம்பரில் ஆலன் புளும்லைன் என்னும் பொறியியலாளர் இலண்டனில், இன்று ஸ்டீரியோ என்று நாம் வழங்கும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். திரையில் நடிகர் ஒருபுறம் செல்ல, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்ததைக் கண்டு அவர் இதனை ஆராயப் புகுந்தார் என்பர்.

1933 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தினர் இன்னும் ஒரு படி முன்னேறினர். பிலடெல்பியாவில் இசைக்குழு வாசித்ததை, வாஷிங்டன் அரங்கில் மூன்று ஒலிபெருக்கி வழிகளில் கேட்பித்தனர். இடம், வலம் என்னும் இரண்டு போதாதோ? நடுவிலும் ஒன்று எதற்கு? பெரிய அரங்கில் ஓரத்தில் அமர்ந்திருப்பவர்க்கு நடு ஒலி தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும் என்பதே காரணம். இந்த நுட்பத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நமது கூடத்திற்கும் இது பொருந்தும்.

ஆனால் வீடுகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது ஒற்றைப் பெட்டியே. சென்னையில் 1924இல் வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930 முதல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அந்நாளைய ரேடியோவில் ஒலிவாய் ஒன்றே. வீட்டார் அனைவரும் அதனைச் சுற்றி அமர்வர். செய்தி, கச்சேரி, நாடகம் யாவும் ஒரே வாயிலிருந்து வரும். அதனால் ஏதேனும் குறை தோன்றியதா? இல்லை. சொல் தெளிவாகக் கேட்டது. எல்லோருக்கும் ஒன்றுபோல் கேட்டது. இடப்பள்ளி ஈன்ற கவிஞர் சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளை, தம் தோழர் இடப்பள்ளி இராகவன் பிள்ளையின் மறைவை நினைந்து 1936இல் இயற்றிய ரமணன் என்னும் காவியம், புத்தகமாக மட்டும் பரவவில்லை. கெடாமங்கலம் சதானந்தனின் கதாப்பிரசங்கம் வாயிலாக, ஒரே குரலாகவும் ஊர் ஊராய்ப் பரவியது. சொல்லே உயிராகும் கலைக்கு ஒற்றை ஒலிவாய் போதும்.

1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் மேலைநாடுகளில் பரவின. நம்மவர் வீடுகளுக்கு அது வந்தது சற்றுப் பிந்தித்தான். வளைகுடா நாடுகளுக்குச் சென்ற கேரளத்தவரும் தமிழரும் ஊர் திரும்புகையில் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ பெட்டியை யார்தான் மறப்பர்? ரேடியோவும் காசட்டும் ஒன்றாய் அமைந்த அப்பெட்டியின் இரு ஓரங்களிலும் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஆயினும் அவற்றிற்கு இடையே இருந்த தூரம் இரண்டு முழத்திற்கும் குறைவு. ஆகையால் சில பெட்டிகளில் ஒலியை அகலமாக்கிக் காட்ட ஒரு விசையும் வைத்திருந்தனர். இன்றைய சவுண்டுபாருக்கு அதுவே மூதாதை எனலாம்.

சிறிய பெட்டி எவ்வாறு பெரிய அகலத்தைக் காட்டும்? இதற்கு அடிகோலிய இருவரில் ஒருவர் இந்தியர் என்பது நமக்குப் பெருமை. கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கற்று, அங்கேயே கற்பித்துப் பின் பெல் ஆராய்ச்சிக் கூடம் சென்ற பிஷ்ணு அடல், மான்பிரட் ஷ்ரோடருடன் சேர்ந்து 1960களின் முற்பகுதியில் ஒரு முறையைக் கண்டார். இட ஸ்பீக்கரின் ஒலி வலக்காதிலும் கசிந்து விழுவதுதான் தொல்லை. அக்கசிவை அழிக்கும் எதிரொலியலை ஒன்றைக் கணித்து மற்ற ஸ்பீக்கரில் சேர்த்துவிட்டால், ஸ்பீக்கர் இல்லாத திசையிலிருந்தும் ஒலி வருவதுபோல் தோன்றும். விந்தையான உபாயம்! ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் குறித்த இடத்தில் அசையாமல் அமர வேண்டும். தலை சற்று நகர்ந்தாலும் கணக்குத் தவறிவிடும்.

தொலைக்காட்சி தடித்த பெட்டியாக இருந்தவரை அதனுள் ஸ்பீக்கருக்கு இடமிருந்தது. அது தகடுபோல் மெலிந்த பின் ஒலிவாயைக் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ திருப்ப நேர்ந்தது, வசனம் மங்கியது. அந்தக் குறையை நிரப்ப வந்ததே சவுண்டுபார். 2004ஆம் ஆண்டின் இறுதியில் யமஹா நிறுவனம் அறிவித்த ஒரு பட்டையில் 40 சிறு ஒலிவாய்கள் இருந்தன. அவை ஒலியைக் கற்றையாக்கிச் சுவரில் மோதவைத்து, பக்கத்திலிருந்து வருவதுபோல் காட்டின. இங்கும் நிபந்தனை உண்டு: மோதுவதற்கு இருபுறமும் வெறுஞ்சுவர் வேண்டும். ஒருபுறம் திரைச்சீலையும் மறுபுறம் உணவறையின் திறப்புமாக அமைந்த வீட்டில் அந்தக் கற்றை எங்கே மோதும்?

இனி விளையாட்டின் பக்கம் வருவோம். 1972இல் வந்த பாங் விளையாட்டிற்கு, கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று முதலாளி விரும்பினார்; அதனை அமைத்த ஆலன் ஆல்கார்ன், மின்சுற்றில் ஏற்கெனவே இருந்த ஒரு துடிப்பையே எடுத்து ‘டொக்’ என்ற ஒலியாக்கினார். 1978இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாதோ படைத்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில், பகைவர் நெருங்க நெருங்க நான்கு சுரங்கள் விரைவு கொண்டன. ஒலி அச்சத்தை ஊட்டியது. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் விளையாட்டிலோ, பகைவன் இடப்புறம் உறுமினால் இட ஸ்பீக்கரில் உறுமல் கேட்டது. அதுமுதல் ஒலி அலங்காரமாக மட்டும் நிற்கவில்லை. ஆடுபவருக்கு வேவு பார்த்துச் சொல்லும் ஒற்றனாகவும் ஆகிவிட்டது. ஒற்றன் சொல்லும் திசை பிழைபட்டால் ஆட்டமும் பிழைபடும்.

ஆகவே நம் வினாவிற்கு விடை காண, சிறிது கணக்குப் போட வேண்டும். நல்ல ஸ்டீரியோவிற்கு, இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அதாவது கோணம் 60 பாகை. மேசையருகே அமர்ந்து ஆடுபவர் இரு சிறு ஸ்பீக்கர்களை 90 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, அதே தூரத்தில் அமர்ந்தால் 60 பாகை கிட்டுகிறது. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள சவுண்டுபாரை 3 மீட்டர் தள்ளி அமர்ந்து கேட்டால் கிடைப்பது ஏறக்குறைய 17 பாகைதான். எஞ்சியதைக் கணக்குத் தந்திரங்களே காட்ட வேண்டும். தூரமும் அகலமும் செய்யும் வேலையைப் பெயரும் விலையும் செய்யா.

அப்படியாயின் சவுண்டுபார் பயனற்றதா? அவ்வாறு கூறுவது அநீதி. 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் ஓர் உண்மையை நிறுவினார்: ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து வந்தால், எது முன்னே வந்து சேர்கிறதோ அத்திசையையே காது நம்பும். கூடத்தில் பாட்டி இட ஸ்பீக்கருக்கு அருகில் அமர்ந்தால், திரை நடுவே பேசும் பாத்திரத்தின் குரல் முழுவதும் அவருக்கு இடப்புறமிருந்தே கேட்கும். நடு ஒலிவாய் உடைய சவுண்டுபாரோ குரலைத் திரையருகே நிறுத்துகிறது. 1933இல் நடுவே மூன்றாம் வழி வைத்ததன் கருத்தும் இதுவே. எனவே பலர் கூடியிருந்து திரைப்படமும் செய்தியும் கேட்கும் கூடத்திற்கு நடு ஒலிவாய் கொண்ட பட்டை ஏற்றது. ஒருவர் அமர்ந்து ஆடும் மேசைக்கு இரு பெட்டிகளே ஏற்றவை. கூடத்திலேயே ஆட வேண்டுமென்றால், ஸ்பீக்கர்களை இரண்டு மீட்டருக்கு மேல் அகற்றிவைக்க இடமுண்டா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். இடமின்றேல் பட்டையே போதும்.

தாமதம் பற்றியும் ஒரு சொல். 3 மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 9 மில்லி வினாடி போதும். ஆனால் புளூடூத் வழியாக அனுப்பினால் பல கருவிகளில் தாமதம் 100 மில்லி வினாடியையும் தாண்டும். துப்பாக்கி வெடித்த பின் ஓசை வரும். ஆகையால் எதை வாங்கினும் கம்பி வழியே இணைப்பது நலம். தொலைக்காட்சியிலிருந்து ஒலியைத் திருப்பித் தரும் ஹெச்.டி.எம்.ஐ. வழி 2009 முதல் வழக்கில் உள்ளது. அத்துளை உள்ள பட்டையைத் தேர்ந்துகொள்ளலாம்.

பிற மாநிலத்தில் வாழ்வோர் எண்ண வேண்டிய வேறொன்றும் உண்டு. அடுத்த வீட்டாரின் நல்லெண்ணமே அயலூரில் நமக்குள்ள செல்வம். தாழ்ந்த முழக்கத்தை எழுப்பும் சப்வூபர் பெட்டியின் அதிர்வு சுவரையும் தரையையும் கடந்து செல்லும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. தனியார் ஒலிக்கருவியின் ஓசை அவர் இடத்தின் எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் மீறலாகாது. இரவில் ஆடும் பிள்ளைக்கு ஹெட்போனே துணை. ஆனால் அதிலும் அளவு வேண்டும். வாரம் 40 மணி நேரத்திற்கு, பெரியோர்க்கு 80 டெசிபல், சிறுவர்க்கு 75 டெசிபல் என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும். பணம் கொடுத்து வேறு ஸ்பீக்கர் வாங்கலாம். வேறு காது வாங்க இயலாது.

எனவே கடைக்குப் புறப்படும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக் கூடத்தை அளந்துகொள்ளுங்கள். எத்தனை பேர் கேட்பர், எவ்வளவு தூரத்தில் அமர்வர், எந்தச் சுவருக்கு அப்பால் யார் உறங்குவர் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வைத்துக் கேட்கும்போது வெடியோசையைக் கேளாமல், தமிழில் ஒருவர் நிதானமாகப் பேசுவதைப் போட்டுக் கேளுங்கள். லகரமும் ழகரமும் வேறு வேறாக எந்தக் கருவியில் கேட்கின்றனவோ, அந்தக் கருவி உங்கள் வீட்டிற்கு வரத் தகுதி உடையது.