ஈற்றில் நின்ற னகரம்

சொல்லில் ஆசையுள்ள அன்பரே, 'எந்திரம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதழ்கள் ஒட்டி மூடிக்கொள்கின்றன. இனி 'எந்திரன்' என்று சொல்லுங்கள். நுனிநா அண்ணத்தைத் தொட்டு நிற்க, இதழ்கள் திறந்தே இருக்கின்றன. 2010 அக்டோபரில் ஷங்கர் இயக்கத்தில் வந்த 'எந்திரன்' படம், வசீகரன் என்னும் அறிவியலாளர் தம் உருவிலேயே சிட்டி என்னும் மனித எந்திரத்தைப் படைத்து அதற்கு உணர்ச்சியையும் ஊட்டிய கதை முழுவதையும், இந்த ஓர் ஒற்று மாற்றத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

வேரில் எந்திரம் வடசொல். யம் என்றால் அடக்கு, கட்டுப்படுத்து. அடக்கி ஆளும் கருவி யந்த்ரம். ஆகாரத்தோடு அன்றி யகரம் சொல்லுக்கு முதலாவதைத் தொல்காப்பியர் ஒப்புவதில்லை. ஆகவே யமன் இங்கே இயமனும் எமனும் ஆனதுபோல, யந்த்ரமும் இயந்திரமாகவும் எந்திரமாகவும் இரு வடிவம் கொண்டது. 'இயந்திரம்' என்பதில் 'இயங்கு' ஒலிப்பதாகத் தோன்றுவது இனிமைதான். ஆனால் அது பிறந்த வீட்டு உறவன்று, புகுந்த வீட்டில் கிடைத்த உறவு. கடன் என்று ஒப்புவதில் எனக்குக் கூச்சமே இல்லை, ஏனெனில் அந்தக் கடனைத் தமிழ் எவ்வளவு பழங்காலத்திலேயே தன் உடைமையாக்கிக்கொண்டது என்பதுதான் பெருமை. ஐங்குறுநூற்றில் கரும்பாலைக்கு எந்திரம் என்று பெயர். களிற்றின் பிளிறலுக்கு எதிராக அதுவும் பிளிறுகிறது. இரும்பு மனிதன் வருமுன்பே, மரத்தால் ஆன கருவிக்கு நம் புலவர் குரல் கொடுத்துவிட்டார்! எங்கள் பாட்டி உளுந்து உடைத்த திரிகைக்கும் அவர் வாயில் 'ஏந்திரம்' என்றே பெயர். குழியில் ஒரு கைப்பிடி உளுந்தை இட்டு, முளையைப் பிடித்துச் சுற்றுவார், வட்டக் கல் உறுமும்.

இதே படம் தெலுங்கில் 'ரோபோ' என்றும் இந்தியில் 'ரோபோட்' என்றும் பெயர் பெற்றது. அச்சொல்லைச் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகம் உலகுக்குத் தந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். அதன் அடியிலுள்ள 'ரொபோத்தா', பண்ணையடிமைகள் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'க்கு ஏறத்தாழ நிகர். அந்தப் பெயர் உழைப்பவனின் நிலையைச் சொல்கிறது. நம் பெயரோ அவனுடைய திணையைச் சொல்கிறது.

இப்படத்தின் வசனத்தில் பங்கேற்ற சுஜாதா, 1980களிலேயே தம் தொடர்கதைக்கு 'என் இனிய இயந்திரா' என்று பெயரிட்டார். இயந்திரத்தை விளித்தால் 'இயந்திரமே' என்றுதான் வரும். 'இயந்திரா' என்ற விளிக்குள் ஓர் இயந்திரன் ஒளிந்திருக்கிறான். படம் அவனை எழுவாயாக்கி வெளியே நிறுத்தியது.

ஆனால் அவன் முழுதும் உயர்திணைதானா? நிலம் நிலனாகவும் நலம் நலனாகவும் அறம் அறனாகவும் வருவதை நாம் அறிவோம்; ஈற்று மகரம் னகரமாகத் திரிந்தும் அவை அஃறிணையாகவே நிற்கின்றன. எந்திரம் அவற்றைப் போலக் குறிலிணையை அடுத்து மகரம் நிற்கும் சொல் அன்று. எனவே இதையும் இறுதிப்போலி என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் அறனையும் நலனையும் கேட்டுப் பழகிய செவிக்கு, 'எந்திரன்' என்றதும் ஆண்பால் விகுதியோடு அந்தப் பழைய அஃறிணை ஒலியும் சேர்ந்தே கேட்கிறது. ஆளா பொருளா என்று திணை மயங்கி நிற்கும் ஒரு படைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஈறு எங்கே கிடைக்கும்?

நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றும் காட்சி திரையில் ஓடியபோது, எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த சிறுவன் தாயின் முந்தானையை இழுத்துக் கேட்டான்: "ஏம்மா அவனக் கழட்டச் சொல்றாங்க?"