நீர் திறந்த வாசல்: பாலிஸ்டோம் தட்டைப்புழுக்களின் பரிணாமப் பாதை

மோனோஜீனியா என்னும் தட்டைப்புழுக் கூட்டத்தில் பெரும்பாலானவை மீன்களின் செவுளிலும் தோலிலும் ஒட்டி வாழ்பவை. கல்லீரல் புழுவுக்கு நத்தை வேண்டியிருப்பதைப்போல இவற்றுக்கு இடைநிலை உயிர் எதுவும் வேண்டியதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குற்றிழை போர்த்த இளவுயிரி நீரில் சில மணி நேரம் நீந்தி, உரிய ஓம்புயிரியைத் தானே தேடிப் பற்றிக்கொள்ளும். இக்கூட்டத்தில் பாலிஸ்டோமாடிடே என்ற குடும்பத்தின் முகவரிகள் மட்டும் விசித்திரமானவை. ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் வாயும் செவுளும், தவளைகளின் சிறுநீர்ப்பை, சாலமாண்டர்களின் தோல், நன்னீர் ஆமைகளின் வாய், சிறுநீர்ப்பை, இமைக்கடியிலான பை, கடைசியாக நீர்யானையின் கண். மீன், இருவாழ்வி, ஊர்வன, பாலூட்டி என்று முதுகெலும்பிகளின் வரலாற்றையே நினைவூட்டும் வரிசை இது. ஓம்புயிரிகள் கிளைத்தபோது ஒட்டுண்ணிகளும் உடன் கிளைத்தன என்ற கூட்டுப்பரிணாம விளக்கம் இங்கே எளிதில் மனத்தைக் கவர்வதும் அதனால்தான். அந்த விளக்கம் பாதி உண்மை என்பது என் கருத்து. இக்குடும்பத்தின் வரலாற்றில் எந்தக் கிளை எங்கே தங்கியது, எங்கே தாவியது என்பதைத் தீர்மானித்தது ஓம்புயிரியின் வம்சாவளியைவிட, அது நீரோடு வைத்திருந்த உறவுதான்.

முதலில் கூட்டுப்பரிணாமத்தின் பக்கமுள்ள சான்றுகளுக்கு உரிய மதிப்பைத் தந்துவிட வேண்டும். குயின்ஸ்லாந்தின் பர்னெட், மேரி ஆறுகளுக்கு உரிய நுரையீரல் மீனிலிருந்து 1991இல் விவரிக்கப்பட்ட கான்சினோகோடைல் ஆஸ்திரேலென்சிஸ், குடும்ப மரத்தின் அடிவேருக்கு அருகில் கிளைக்கிறது. பிரான்சின் பெர்ப்பிஞ்ஞான் நகரைச் சேர்ந்த ஒலிவியே வெர்னோ குழுவினர் மரபணு வரிசைகளைக் கொண்டு 2002இல் வெளியிட்ட ஆய்வு, இக்குடும்பத்தின் தோற்றத்தைப் பேலியோசோயிக் ஊழிக்குக் கொண்டுசென்றது. முதுகெலும்பிகள் நீரிலிருந்து கரையேறிய காலத்தை ஒட்டியது அது. இருவாழ்விகளின் புழுக்கள் ஒரு கிளை, ஆமைகளின் புழுக்கள் இன்னொரு கிளை என்ற பெரும்பிரிவும் அந்த மரத்தில் தெளிவாகவே தெரிந்தது.

இந்தக் காலக்கணக்கின் மேல் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மூலக்கூறு கடிகாரத்தை ஓம்புயிரிகளின் பிரிவுக் காலங்களையும் கண்டங்களின் பிளவையும் வைத்துத் திருத்திவிட்டு, பிறகு ஒட்டுண்ணியின் காலம் ஓம்புயிரியின் காலத்தோடு ஒத்துப்போகிறது என்று வியப்பது வட்டவாதம். ஆண்டுக் கணக்கைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன்; கோடிகளில் சொல்லப்படும் எண்களைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். ஆனால் எந்தக் கிளை முன்னே, எது பின்னே என்ற வரிசை கடிகாரத்தை நம்பி இல்லை. மென்னுடல் புழுக்களுக்குப் புதைபடிவம் கிடைக்காது என்ற பொது நம்பிக்கைக்கும் ஒரு விலக்கு உண்டு. லாட்வியாவின் லோடே களிமண் குழியில் கிடைத்த டெவோனியன் கால மீன்களின் மேல், வட்டமாக அடுக்கிய நுண்கொக்கிகள் பதிந்துள்ளன. இன்றைய மோனோஜீனியாவின் கொக்கி வளையத்தை அவை ஒத்திருக்கின்றன. எந்தக் குடும்பம் என்று அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. கொக்கி கொண்ட புழுக்கள் அந்தத் தொல்மீன்களை அப்போதே பற்றியிருந்தன என்ற அளவுக்கு அவை சாட்சி சொல்லும்.

சிக்கல் தொடங்குவது ஆமைகளிடம். கூட்டுப்பரிணாமம் மட்டுமே நடந்திருந்தால், கருவுறை கொண்ட முதுகெலும்பிகளின் பொது முன்னோரிடமிருந்து பல்லிகளும் பாம்புகளும் பறவைகளும் இப்புழுக்களைச் சீதனமாகப் பெற்றிருக்க வேண்டும். அவற்றில் ஒன்றுகூட இல்லை. தரையாமைகளிலும் இல்லை. ஆமைப் புழுக்களின் கிளையும் மெசோசோயிக் ஊழியில் தோன்றியதாகவே கணிக்கப்படுகிறது. ஊர்வன வம்சம் இருவாழ்விகளிடமிருந்து பிரிந்த காலத்துக்கு அது மிகப் பிந்தியது. ஆகவே, நீர்வாழ் இருவாழ்விகளிடமிருந்து நீருக்குத் திரும்பிய ஆமைகளுக்கு இப்புழுக்கள் தாவின என்பதே பொருத்தமான வாசிப்பு. எல்லாக் கிளைகளும் பெற்றிருந்து, பிறகு மற்றவை இழந்திருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கட்டும். எந்தக் கிளைகள் இழந்தன, எது தக்கவைத்தது என்று பார்த்தால் அந்த வாசிப்பும் நீரிலேயே வந்து முடிகிறது. நிலத்தில் வாழ்பவை இழந்தன. நன்னீரில் வாழ்வது தக்கவைத்தது.

நீர் என்று பொதுவாகச் சொல்வது போதாது. அந்த உறவு எவ்வளவு நுணுக்கமானது என்பதைத் தவளையின் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கலாம். ஐரோப்பியப் பொதுத் தவளையில் வாழும் பாலிஸ்டோமா இன்டெகெரிமத்தின் வாழ்க்கைச் சுழற்சியை எர்ன்ஸ்ட் செல்லர் 1870களில் விவரித்தார். பின்முனையில் ஆறு உறிஞ்சிகளும் இரண்டு பெரிய கொக்கிகளும் கொண்ட இப்புழு, ஆண்டின் பெரும்பகுதி முட்டையிடாமலே காத்திருக்கிறது. வசந்தத்தில் தவளை இனப்பெருக்கத்துக்காகக் குட்டையில் இறங்கும்போதுதான் புழுவும் முட்டையிடுகிறது. பொரிக்கும் இளவுயிரி தலைப்பிரட்டையின் செவுளைப் பற்றுகிறது. தலைப்பிரட்டை முதிர்ந்ததாக இருந்தால் புழு மெதுவாக வளர்ந்து, உருமாற்றத்தின்போது சிறுநீர்ப்பைக்கு இடம்பெயர்கிறது. மிக இளையதாக இருந்தால் புழு செவுளிலேயே சில வாரங்களில் முதிர்ந்து, முட்டையிட்டு, தலைப்பிரட்டையின் செவுளோடு மடிகிறது. இந்த இரட்டைப் பாதையைச் சோதனைகளால் விரிவாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் லூயி கல்லியன். அவருடைய நூல் 1935இல் வந்தது. செவுளில் முதிரும் இந்த வடிவம் மீன்வாழ் மூதாதையரின் பழைய வழக்கத்தை ஒத்திருக்கிறது. அதை அப்படியே பழமையின் எச்சம் என்று முடிவுகட்டுவது அவசரம். வற்றப்போகும் குட்டையில் ஒரு தலைமுறையை விரைந்து சேர்த்துக்கொள்ளும் பிற்கால உத்தியாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும், தவளை நீரில் கழிக்கும் அந்தச் சில வாரங்களுக்கு ஏற்பத்தான் புழுவின் உடற்செயல் முழுவதும் அமைந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் வெளிச்செவுளோடு நீரிலேயே இருக்கும் வட அமெரிக்க நெக்டூரஸ் சாலமாண்டரை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதன் ஸ்பைரனூரா புழு தோலையும் செவுளையும் விட்டு உடலுக்குள் நுழைவதே இல்லை. நுழைய வேண்டிய கட்டாயம் அதற்கு வரவில்லை.

இந்த உறவின் கடைசி எல்லை அரிசோனாவின் சொனோரா பாலைவனத்தில் இருக்கிறது. அங்குள்ள கௌச் தேரை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, கோடைமழைக்குப் பின் சில இரவுகள் மட்டும் தேங்கிய நீரில் கூடுகிறது. அதன் சிறுநீர்ப்பையில் வாழும் சூடோடிப்ளார்கிஸ் அமெரிக்கானஸ், முட்டையை வெளியே விட்டுப் பொரிக்கக் காத்திருக்கும் முறையைக் கைவிட்டுவிட்டது. முழு வளர்ச்சி பெற்ற இளவுயிரிகளைக் கருப்பையிலேயே மாதக்கணக்கில் சேர்த்து வைத்து, தேரை நீரில் இறங்கியதும் கொட்டுகிறது. ரிச்சர்ட் டின்ஸ்லியின் ஆய்வுகள் காட்டியபடி, அவை இன்னொரு தேரையின் நாசித்துளை வழியே நுரையீரலுக்குள் புகுந்து, பின்னர் உணவுப்பாதையைக் கடந்து சிறுநீர்ப்பையை அடைகின்றன. தலைப்பிரட்டையின் செவுள் என்ற பழைய நுழைவாயிலை விட்டுவிட்டு நாசியைப் பிடித்தது இந்தக் கிளை. ஆனால் நீரை அதனாலும் விட முடியவில்லை.

தாவல் எங்கே நிகழ்கிறது என்பதற்கு ஆமைகளிலேயே இன்னொரு துப்பு கிடைக்கிறது. ஒரே ஆமையின் வாயிலும் சிறுநீர்ப்பையிலும் கண்ணிலும் வெவ்வேறு பாலிஸ்டோம்கள் இருப்பதுண்டு. அவை ஓர் ஆமைக்குள்ளேயே பிரிந்தவையா, ஆமைக்கு ஆமை தாவியவையா? லிட்டில்வுட், ரோடே, கிளஃப் ஆகியோர் நன்னீர் ஆமைகளின் புழுக்களைக் கொண்டு 1997இல் இந்தக் கேள்விக்கு விடை தேடினர். ஒரே ஆமையின் வெவ்வேறு உறுப்புகளில் வாழ்பவற்றைவிட, வெவ்வேறு ஆமை இனங்களில் ஒரே உறுப்பில் வாழ்பவையே நெருங்கிய உறவினர் என்று தெரிந்தது. உறுப்பை விடாமல் ஓம்புயிரியை மாற்றும் இந்தப் பழக்கம் நீர்யானைப் புதிரையும் அவிழ்க்கிறது. ஸ்டங்கார்ட் 1924இல் விவரித்த ஆக்குலோட்ரீமா ஹிப்போபொட்டாமி, 1965இல் உகாண்டாவின் நீர்யானைகளிலும் உறுதிசெய்யப்பட்டது. மரபணு மரத்தில் அது ஆமைப் புழுக்களின் கிளையில்தான் அமர்கிறது. ஆமையின் கண்ணிலிருந்து, அதே நீரில் பகல் முழுக்க ஊறிக்கிடக்கும் பாலூட்டியின் கண்ணுக்கு வந்தது என்றால் வியக்க ஏதுமில்லை. தாவல் தொல்காலத்தோடு முடிந்த கதையும் அல்ல. செல்லப்பிராணியாக விற்கப்பட்ட அமெரிக்கச் செங்காது ஆமைகள் ஐரோப்பியக் குளங்களில் விடப்பட்டபின், அவற்றின் பாலிஸ்டோம்கள் தென்பிரான்சின் உள்நாட்டு ஆமைகளில் காணப்பட்டுள்ளன.

அப்படியானால் முதலைகளில் ஏன் இல்லை என்பதே என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான எதிர்ப்பு. முதலை ஆமையோடு ஒரே ஆற்றில் கிடக்கிறது. நீர் வாசலைத் திறக்கும். உள்ளே நுழைபவருக்கு ஏற்ற உறுப்பும் வேண்டும். முதலைகளுக்குச் சிறுநீர்ப்பையே கிடையாது. வாயும் கண்ணும் உண்டு என்பதால் இது முழு விடை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவு இல்லாததை உயிரே இல்லாததாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. காலற்ற இருவாழ்விகளான சிசிலியன்களில் பாலிஸ்டோம் இருப்பது 2008 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டில்தான் தென்னமெரிக்கச் சிசிலியன்களின் சிறுநீர்ப்பையிலிருந்து நானோபாலிஸ்டோமா விவரிக்கப்பட்டது.

வாதத்தைச் சோதிக்க நம் பக்கமே ஒரு களம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிசிலியன்களில் இக்தியோஃபிஸ் பேரினம் நீரோரம் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் செவுள்துளையோடு ஓடையில் வளர்கின்றன. அதே மலையின் கெகெனியோஃபிஸ் பேரினத்திலோ நீர்வாழ் பருவம் இல்லாமல் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்துவிடும் இனங்கள் உள்ளன. வம்சாவளிதான் எல்லாம் என்றால் இரண்டிலும் இப்புழுக்களைத் தேடுவதில் வேறுபாடு இருக்கக் கூடாது. நீர்தான் தீர்மானிக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஓடையில் வளரும் இக்தியோஃபிஸ் குஞ்சின் செவுள்துளையையும், முதிர்ந்ததன் சிறுநீர்ப்பையையும்.