பொன் தேடிய இடத்தில் கண்ட நீர்

ஹட்டன் நகரை விட்டு டிக்கோயாவைக் கடந்து செல்வோர் கண்களுக்கு, தேயிலைச் சரிவுகளின் இடையே வளைந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கம் இயற்கை தந்த ஓர் ஏரியாகவே தோன்றும். ஆயினும் அது ஏரியன்று. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டில் எழுந்த அணையின் விளைவே அது. அதற்குத் தெற்கே மஸ்கெலிய ஓயாவை மறித்து நிற்பது மவுஸ்ஸாகலை அணை. இவ்விரண்டு ஓயாக்களும் கூடிய இடத்திலேயே களனி கங்கை பிறக்கின்றது. இலங்கையின் நீர்மின் வரலாறு இவற்றின் கரைகளிலே தொடங்கியது எனலாம். அதைத் தொடங்கி வைத்தவர் ஓர் இளைஞர்.

1874இல் காலியிலே பிறந்த டி. ஜே. விமலசுரேந்திர, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, பொதுவேலைப் பகுதியில் அமர்ந்தவர். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், இவ்வோயாக்களின் படுகையில் பொன் கிடைக்குமா என ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுவர். பொன்னைப் பற்றி நாடு பின்னர் கேள்விப்படவில்லை. ஆனால் பாறை விளிம்பிலிருந்து 126 மீட்டர் ஆழத்திற்கு வீழும் லக்சபான அருவி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. நீரின் அளவையும் அது வீழும் உயரத்தையும் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும் என்பது பாடநூற் கணக்கு. மழை ஓயாத மலையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் அவருக்கு உதித்ததே சிறப்பு.

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளியூட்டித் தம் கருத்தை மெய்ப்பித்தார். பின்னர் 1918இல், இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் மின்வலுவின் பொருளாதாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். நிலக்கரியையும் எண்ணெயையும் கப்பலில் வரவழைக்கும் நாடு, தன் மலையிலிருந்து வீணே கடலுக்கு ஓடும் நீரைப் பயன்கொள்ளலாம் என்பதே அவர் வாதம். இத்தனை மின்சாரத்தை வாங்குவார் யார் என்று ஐயுற்றோர் பலர். 1924இல் வேலை தொடங்கியது, 1927இல் நின்றது. 1931இல் இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று, அங்கும் அவர் இதனையே வற்புறுத்தினார். 1938இல் மீண்டும் தொடங்கிய வேலையை உலகப் போர் தாமதப்படுத்தியது. லக்சபானவின் முதற்கட்டம் 25 மெகாவாற்று ஆற்றலுடன் 1950இல் இயங்கியபோது, இளைஞராய்க் கனாக் கண்டவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். மூன்றாண்டுகளின் பின் அவர் மறைந்தார். நோர்ட்டனில் 1965இல் எழுந்த மின் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வொளி யாருக்குச் சென்றது? உயரழுத்தக் கம்பிகள் மலை முகடுகளைத் தாண்டிக் கொழும்பை நோக்கி ஓடின. கம்பிகளின் கீழே, தேயிலைத் தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குகள் நெடுங்காலம் புகைந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் தம் அறைக்கு மின்சாரம் கேட்கும் நிலையில் அன்று இருக்கவில்லை. கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலைக்கு முன்னே கிடைத்த மின்சாரம், கொழுந்து பறித்த கைகளுக்குப் பல பத்தாண்டுகள் பின்னரே எட்டியது. அப்புகை விளக்கின் அடியிலேதான் ஒரு தலைமுறை எழுத்துக் கூட்டியது.

இதிலே மற்றொரு விந்தையும் உண்டு. லக்சபானவுக்கு முன்பே பல தோட்டத் தொழிற்சாலைகள் தம் ஓடையிலிருந்து குழாய் வழியே நீரை இறக்கி, சிறு சுழலிகளால் பொறிகளை ஓட்டி வந்தன. பெரிய மின்சாரம் வந்ததும் அச்சுழலிகள் கைவிடப்பட்டுத் துருவேறின. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் அவற்றின் அருமை மீண்டும் நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் இறுதி தொட்டு, பிரித்தானியாவைச் சேர்ந்த இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு தோட்டச் சுழலிகள் சிலவற்றைப் புதுப்பிக்கத் துணைநின்றது. அவ்வறிவு தொண்ணூறுகளில் கிராமங்களுக்கும் பரவியது. கம்பி எட்டாத சிற்றூரார் சங்கம் அமைத்து, தம் ஓடைக்குத் தாமே அணை கட்டி, தாமே கம்பியிழுத்து வீட்டுக்கு விளக்கேற்றினர். பெரும் பொறியியலாளர் எவரும் அங்கே குடியிருக்கவில்லை. சுழலி நின்றால் ஊர் இளைஞரே அதைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டியிருந்தது.

மலையகத்து மாணவருக்கு இத்தகைய கல்வி எளிதில் வாய்க்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின் கைக்கு வந்தன. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிப்போர் இன்மை அதன் பின்னும் தீராக் குறையாகவே இருந்தது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சில இடங்களே உயர்தர விஞ்ஞானத்தை நாடியோருக்குப் புகலிடமாயின. பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கியது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு நாடெங்கும் புகுத்தப்பட்டபோது, ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பாடசாலைக்கே அது பயன்பட்டது.

அவ்வாறு கற்போர் முன்னே வேலை காத்திருக்கின்றது. செங்குத்துச் சரிவுகளில் மழை அரித்த மண் ஓயாக்களில் இறங்கி, நீர்த்தேக்கங்களில் ஆண்டுதோறும் படிகின்றது; மண் நிறைந்த அளவுக்கு நீர் குறையும், நீர் குறைந்த அளவுக்கு மின்சாரம் குறையும். நீரையே பெரிதும் நம்பியிருந்த நாட்டை 1996ஆம் ஆண்டு வறட்சி இருளில் ஆழ்த்தியதை முதியோர் மறந்திலர். சரிவிலே ஒரு வரிசைப் புல்லோ கல்லணையோ எவ்வளவு மண்ணைத் தடுக்கின்றது என்பதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் ஒரு வாளி நீரைத் தெளியவைத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

கடுங்கோடையில் மவுஸ்ஸாகலை நீர் தாழும்போது, அணைக்காக மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிற் சுவர்கள் சேற்றிலிருந்து தலைகாட்டும். மழை இறங்கியதும் அவை மீண்டும் நீருக்குள் மறையும். கீழே சுழலிகளின் ஓசை உயரும்.