சைகோன் படங்களும் காரைக்கால் பெயர்களும்

காரைக்கால் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள். 'எத்தா சிவில்' என்பார்கள். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகம் இவற்றில் பலவற்றை இணையத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கும், முகம் இருக்காது. வீட்டுச் சுவரில் முகம் இருக்கும், பெயர் இருக்காது. இரண்டையும் சேர்ப்பதுதான் வேலையே.

1739ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. 1859ல் அவர்கள் சைகோனைப் பிடித்த பிறகு காரைக்கால், புதுச்சேரி ஆட்கள் அங்கே குமாஸ்தாவாக, போலீஸாக, சிப்பாயாக, ஜவுளி வியாபாரியாகப் போனார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயிலும், 1935ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய மசூதியும் இன்றைக்கும் சாட்சி. போனவர்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். கோட்டு, தொப்பி, பக்கத்தில் பூந்தொட்டி, பின்னால் வரைந்த திரை. பழைய வீடுகளில் இப்படி ஒரு படமாவது இருக்கும்.

பெயர்தான் சிக்கல். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தன் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். தாத்தாவுக்கு அப்பா பெயர் மட்டும், பேரனுக்குப் புதுக் குடும்பப் பெயர். ஒரே வம்சம்னு காகிதத்தைப் பார்த்தால் தெரியாது. 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைப்பு வந்தபோது குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். அண்ணன் பிரான்ஸ், தம்பி இந்தியா என்று பிரிந்த வீடுகளில் ஆல்பமும் பிரிந்தது.

அதனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்க. ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லும். 'கார்த் போஸ்தால்' என்று அச்சிட்டிருந்தால் அது தபால் அட்டைத் தாளில் போட்ட படம். பெரும்பாலும் 1900களின் முதல் சில பத்தாண்டுகளைச் சேர்ந்தது. சீருடைப் பட்டையும் துப்பு கொடுக்கும். ஊரும் உத்தேச வருஷமும் கிடைத்தால் பதிவேட்டில் தேடும் பக்கங்கள் ஆயிரத்திலிருந்து ஐம்பதாகக் குறையும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்கள்' திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை டிஜிட்டல் செய்திருக்கிறது. ஆனால் நம்ம வீட்டுச் சுவருக்கு அவர்கள் வரப்போவதில்லை.

கடற்கரை ஈரத்தில் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிய்க்காதீங்க, முகம் கண்ணாடியோடு வந்துடும். ஃப்ளாஷ் இல்லாமல், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்துக் கண்ணாடி மேலேயே படம் எடுங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மற்ற படங்களை இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வைக்கலாம். பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயிண்ட் கூடாது.

ஸ்கேன் அடுத்த வருஷமும் செய்யலாம். எண்பது வயது அத்தையை உட்கார வைத்து, "இது யாரு, இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"னு கேட்டு போனில் பதிவு செய்வதைத் தள்ளிப்போட முடியாது. பதிவேட்டுப் பெயரையும் சுவரில் உள்ள முகத்தையும் இணைக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அவர்கள்தான்.