நில அளவைக் கருவிகளும் ஆற்காட்டுக் கைவினைஞரும்

பட்டு நூல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் எடை கூடும், காய்ந்தால் குறையும் என்பது ஆரணித் தறிக்காரர்கள் அறிந்த செய்தி. எஃகும் அப்படித்தான், ஆனால் அதை மாற்றுவது ஈரமன்று, வெப்பம். 1802இல் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணிக்கு முதல் சிக்கலும் அதுவே.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பின்னர் வந்த எல்லா முக்கோணங்களின் கணக்கும் இந்தக் கோட்டின் நீளத்தை நம்பியிருந்தது. அளவுகோலாகப் பயன்பட்டது 40 கண்ணிகள் கொண்ட 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசளிக்க ஆங்கிலேயத் தூதுக்குழு கொண்டுசென்று, அங்கு ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி இது என்பது சுவையான செய்தி.

ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால் அச்சங்கிலி சுமார் 0.35 மில்லிமீட்டர் நீளும். ஒரு முறை என்றால் அது ஒன்றுமில்லை. கோடு முழுவதும் சேர்ந்தால் பிழை 14 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே சங்கிலியை முக்காலிகள் மேல் ஏற்றிய மரப்பெட்டிகளுக்குள் கிடத்தினார்கள். மேலே கூடாரம் அமைத்து வெயிலை மறைத்தார்கள். பெட்டிக்குப் பெட்டி வெப்பமானி வைத்தார்கள். கண்ணிகளின் மூட்டுகள் உராய்ந்து தேய்ந்தாலும் சங்கிலி நீண்டுவிடும். அதற்காக வேலைக்கே எடுக்காத இன்னொரு சங்கிலியைத் தனியே வைத்திருந்து, அவ்வப்போது அதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். பட்டறையில் தரக்கட்டையைத் தனியாகப் பூட்டி வைக்கும் இன்றைய வழக்கமும் இதே காரணத்தால்தான்.

கோணம் அளக்க லண்டனில் கேரி என்பவர் செய்த தியோடலைட்டு வந்தது. எடை சுமார் அரை டன். அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் அதைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தார். ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு விகலை. இந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரின் 450இல் ஒரு பங்குதான். வட்டம் சற்றே வளைந்தாலும் கருவி பயனற்றுப் போகும்.

1808இல் அதுவே நடந்தது. சமதரையான காவிரிப் படுகையில் உயரமான இடம் வேண்டி, தஞ்சைப் பெரிய கோயில் மேல் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது தாங்குகயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வட்டம் கோணலாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் புதியதற்கு எழுதிப் போட்டுக் காத்திருந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் இருந்தபடியே கருவியை முழுவதும் பிரித்தார். ஒரு தட்டையான பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டிக்கொண்டு, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் வளைந்த விளிம்பை மெல்ல மெல்ல இழுத்து அதற்குள் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரக்கால்களை மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் பிடித்தது. ஏறத்தாழ பழைய வடிவம் திரும்பியது என்று பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்டு எழுதிவைத்தார். அதே கருவியைக் கொண்டுதான் பணி வடக்கே நகர்ந்தது.

1823இல் லாம்டன் இறந்தபின் எவரெஸ்டு பொறுப்பேற்றார். கருவிகளைச் செப்பனிட 1830களில் ஹென்றி பாரோ என்ற லண்டன் கருவிக்கலைஞர் கல்கத்தாவில் அமர்த்தப்பட்டார். அவர் போனபின் அந்த இடத்துக்கு வந்தவர் சையது மீர் மொஹ்சின் உசேன். ஆரணிக்கு வடக்கே உள்ள ஆற்காட்டைச் சேர்ந்தவர் இவர். கருவிப் பழுது பார்ப்பதில் தேர்ந்த கை. 1820களிலேயே கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். வட்டங்களில் பாகைக் கோடுகளைப் புதிதாகப் பொறிக்கும் மிக நுட்பமான வேலையையும் செய்தார். எவரெஸ்டு தம் நூலில் இவரது திறமையை மனந்திறந்து புகழ்ந்திருக்கிறார். மொஹ்சின் உசேன் 1864இல் காலமானார். எவரெஸ்டின் பெயர் ஒரு சிகரத்துக்கு வைக்கப்பட்டது. மொஹ்சின் உசேனின் பெயரை ஆற்காட்டிலேயே சிலர்தான் அறிவர்.