நிழலும் அடுக்கும்: காட்டுயிர் வாழ்த்து அட்டையின் முன்வரலாறு

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர் வட்டத்தில் அமைந்த வடகரப்பதி, தமிழ் வழங்கும் எல்லைப்பகுதி. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும்வரை இந்நிலம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. காகித அட்டையில் காட்டுவிலங்கை வெட்டி ஒட்டும் கைவினையின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். காரணம் பின்னால் விளங்கும்.

முதலில் அப்பொருளைப் பற்றிச் சில சொற்கள். அடுக்கு வாழ்த்து அட்டை என்பது தடித்த அடித்தாளின் மேல் வானம், மலை, மரம், விலங்கு, புல் எனத் தனித்தனியே வெட்டிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது. அடுக்குகளுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு அட்டைத் துண்டோ பஞ்சு ஒட்டுநாடாவோ வைக்கப்படும். அந்த இடைவெளியில் விழும் மெல்லிய நிழலே புலியைப் புதரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. தொலைவிலுள்ளதை வெளிர்நிறத்திலும் அருகிலுள்ளதை அடர்நிறத்திலும் அமைப்பது பொதுவிதி. இடைவெளியின்றி அழுத்தி ஒட்டினால் வெட்டிய உழைப்பெல்லாம் வீணாகி அது வெறும் படமாகிவிடும்.

இக்கைவினையின் பிறப்பிடமாக ஐரோப்பாவையே சுட்டுவது வழக்கம். அதற்கு வலுவான சான்றுகளும் உண்டு. ஆக்ஸ்பர்க் நகரச் செதுக்கோவியர் மார்ட்டின் எங்கெல்பிரெக்ட் (1684–1756) வெட்டுத்தாள்களை வரிசையாக ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, முன்னிருந்து நோக்கினால் ஆழம் தெரியும் சிற்றரங்குகளை உருவாக்கி விற்றார். வேட்டைக் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். 1843இல் ஹென்றி கோல் என்பவரின் விருப்பப்படி ஓவியர் ஹார்ஸ்லி வரைந்த கிறிஸ்துமஸ் அட்டை இலண்டனில் அச்சாயிற்று, அது தட்டையானது. அட்டைக்கு அடுக்கைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து எஸ்தர் ஹவுலண்ட். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதல் வாழ்த்தைப் பார்த்து, 1840களின் இறுதியில் சரிகைத்தாளையும் வண்ணத்தாளையும் கொண்டு தாமே அட்டைகள் செய்யத் தொடங்கினார். மாதிரிகளை எடுத்துச் சென்ற அவருடைய சகோதரர் கொண்டுவந்த முதல் கேட்புகளின் மதிப்பு எதிர்பார்த்ததைப் போலப் பன்மடங்காக, 5,000 டாலர் அளவுக்கு இருந்ததாகக் கூறப்படுகிறது. பெண்களை மேசையைச் சுற்றி அமர்த்தி, ஒருவர் வெட்ட மற்றொருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்தளித்தார். 1887இல் மியூனிக்கைச் சேர்ந்த லோதர் மெக்கெண்டார்ஃபர் வெளியிட்ட விரிப்புநூலில் சர்க்கஸ் விலங்குகள் அடுக்கடுக்காக எழுந்து நின்றன. காட்டுவிலங்கு அடுக்குத்தாளுக்குள் பெருமளவில் நுழைந்தது காட்டிலிருந்தன்று, கூடாரத்திலிருந்து என்பது கவனிக்கத்தக்கது.

அட்டை என்னும் வடிவம் மேற்கிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலங்கை வெட்டி, ஒளியையும் நிழலையும் கொண்டு அதற்கு உயிரூட்டும் கைப்பழக்கமும் அங்கிருந்துதான் வந்தது என்போர் பாலக்காட்டின் மேற்குப்பகுதிக்கு ஒருமுறை சென்றுவரலாம். பாரதப்புழையின் கரைகளிலுள்ள பகவதி கோயில்களில் நிகழும் தோற்பாவைக்கூத்து, கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டது. பாடப்படுவது கம்பனின் தமிழ். இடையிடையே வரும் உரைவிளக்கத்தில் மலையாளம் கலந்துநிற்கும். கூத்தர்கள் பயிலும் பாடம் 'ஆடற்பற்று' எனப்படும். கலைஞர்களுக்குரிய பட்டமோ 'புலவர்'. மலையாள நிலத்தில் ஒரு தமிழ்ச்சொல் தொழிற்பெயராக நிலைத்துவிட்ட இச்செய்தியைத் தமிழ் மொழியியலார் இன்னும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை.

கூத்துமாடம் சுமார் 42 அடி நீளமுடையது. மேலே வெள்ளைத் துணியும் கீழே கறுப்புத் துணியுமாகத் திரை கட்டப்பட்டு, அதன் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். பாவை செய்வோர் தோலை இழுத்துக் கட்டி உலர்த்தி, மயிரை மூங்கிலால் சுரண்டி நீக்கி, உருவத்தை வரைந்து, பலவகை உளிகளால் துளைகளிட்டு, வண்ணமேற்றி, மூங்கிற்குச்சியில் பொருத்துவர். மாயமான், வானரர், கரடியரசன் சாம்பவான், சடாயு ஆகிய அனைத்தும் இவ்வாறே பிறந்தன. மானின் புள்ளி அங்கே வண்ணமன்று, துளை. ஒளி அதன் வழியே வந்து திரையில் புள்ளியாகிறது. காகித அட்டையில் நிழல் இடைவெளியிலிருந்து பிறக்க, பாவையில் அது தோலிலிருந்தே பிறக்கிறது. முறைகள் வேறாயினும், எதை வெட்டி நீக்குவது, எதை விட்டுவைப்பது என்னும் முடிவை இரண்டிலும் கை முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

இப்பாவைகளுக்கு மரபாகப் பயன்பட்டது மான்தோல். திரையில் ஓடும் மாயமானும் ஒரு மானின் தோலே. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அத்தோலை எட்டாப் பொருளாக்கின. இன்று ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பம் ஷொர்ணூரை அடுத்த கூனத்தறையில் இக்கலையைத் தொடர்ந்து நடத்திவருகிறது. அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விலங்கின் உருவம் விலங்கின் உடலிலிருந்து பிரிக்கப்பட்ட அந்த மாற்றத்தைக் கலைவரலாற்று நூல்கள் பெரும்பாலும் மூலப்பொருள் தட்டுப்பாடு என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அது போதாது. உருவம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அங்கே முதன்முறையாக அறமும் சட்டமும் விடை கூறின.

தமிழ்நாட்டுப் பக்கம் அடுக்குக்கு வேறொரு மரபும் இருந்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் மரப்பலகை, துணி, சுண்ணக்குழம்பு, கல், தங்க ரேக்கு என்று தளங்கள் ஏறிக்கொண்டே போகும். இரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் வீடுகளுக்கு வந்தபின், பெண்கள் அவற்றின் மேல் பட்டுத்துணியும் சரிகையும் சமிக்கியும் வைத்து ஒட்டி அலங்கரித்தனர். கடையில் வாங்கிய தட்டைப் படத்தைத் தம் கைகளால் அடுக்காக்கிய இவர்களே இன்றைய கைவினை அட்டையின் நேர் முன்னோர் எனலாம். ஹவுலண்டின் மேசைக்கு அவர்கள் கடன்பட்டவர் அல்லர். பிற்காலத்தில் கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் (1898–1976) வழிவந்த நாட்காட்டிப் படங்களும் சிவகாசியின் தீப்பெட்டிச் சீட்டுகளும் புலி, யானை, சிறுத்தைகளைத் தமிழ்வீடுகளுக்குள் கொண்டுவந்தன. 'சீட்டா ஃபைட்' தீப்பெட்டியில் பூனையினப் பெருவிலங்குடன் மல்லுக்கு நிற்கும் மனிதனை மறந்தவர் குறைவு. பொங்கல் வாழ்த்து அட்டையிலோ காளையும் கரும்பும் பானையும் கதிரவனுமே ஆண்டன. காட்டுவிலங்கு தெய்வத்தின் ஊர்தியாக வந்தால் மட்டுமே அங்கு இடம்பெற்றது.

சொல்லையும் சற்று நோக்கலாம். 'வாழ்த்து' தொல்காப்பியச் செய்யுளியலில் புறநிலைவாழ்த்து, வாயுறைவாழ்த்து என இலக்கிய வகைப்பெயராக நிற்கிறது. அங்கே அது வாயால் சொல்லப்படுவது. அட்டையில் ஏறியபின் அது கையால் கொடுக்கப்படும் பொருளாயிற்று. 'அட்டை' என்பது மழைக்காட்டில் காலைப் பற்றும் உயிரியையும் குறிக்கும் என்பதால், காட்டுயிர் வாழ்த்து அட்டை என்ற தொடரை வால்பாறை வாசகர் வேறுவிதமாகப் புரிந்துகொள்ளவும் கூடும்.

இன்று கைவினை அட்டைகளுக்கான வெட்டுப்படிவங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாதிரிகளிலிருந்து வருவதால், ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் சிங்கமும் அவற்றில் மிகுதி. இடுக்கியின் இரவிகுளத்து வரையாடும் அமைதிப் பள்ளத்தாக்கின் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் அரிதினும் அரிது. சிங்கவால் குரங்கின் முகத்தைச் சுற்றிய வெளிர்பிடரி அடுக்குமுறைக்கென்றே அமைந்தது போன்றது. கறுப்பு, சாம்பல், கறுப்பு என மூன்று தாள்களில் முகம் வந்துவிடும். யானை மட்டும் எல்லாப் படிவங்களிலும் உண்டு, பெரும்பாலும் மறையும் கதிரவனை நோக்கி நடந்தபடி. வடகரப்பதிக்குத் தொலைவிலில்லாத வாளையாறு–மதுக்கரை இருப்புப்பாதை அக்காட்சியில் வருவதில்லை. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர்–சென்னை விரைவுவண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. அட்டைக்கு இன்னொரு அடுக்கு தேவைப்படும் இடம் இதுவாக இருக்கலாம். வாழ்த்துக்குரிய பொருளா அது என்று கேட்போருக்கு, வாயுறைவாழ்த்து என்பதே கசப்பும் கலந்த அறிவுரைதான் என்று நினைவூட்டலாம்.

மூலப்பொருளின் கதை இன்னொரு திருப்பத்தையும் கண்டது. இலங்கையின் கேகாலைப் பகுதியில் 1997இல் தொடங்கப்பட்ட மாக்சிமஸ் நிறுவனம் யானைச்சாணத்திலிருந்து தாள் செய்து, வாழ்த்து அட்டைகளாகவும் குறிப்பேடுகளாகவும் விற்றது. இந்தியாவில் 2003 அளவில் செய்ப்பூரில் 'ஹாத்தி சாப்' அதே வழியில் இறங்கியது. யானை தான் உண்பதில் பெரும்பகுதியைச் செரிக்காமலே கழிப்பதால் அதன் சாணம் நார் மிகுந்தது. அதைக் கழுவி, வேகவைத்து, கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் வார்த்து உலர்த்துகின்றனர். மணம் ஏதும் எஞ்சுவதில்லை. எனினும் அத்தாளின் நார்கள் பருமனானவை. தந்தத்தின் நுனி, வாலின் மயிர் போன்ற நுண்வெட்டுகளுக்குக் கத்தியின் கீழ் அது பிய்ந்துபோகும். ஆதலால் அதனை அடித்தளமாக வைத்து, யானையை வேறு தாளில் வெட்டி அதன்மேல் நிறுத்துவதே ஏற்றது.