கட்சிகளின் கொள்கை மாற்றமும் வாக்காளர் எதிர்வினையும்

ஓர் அரசியல் கட்சி தன் அடிப்படை நிலைப்பாட்டைத் திருத்தும்போதோ கைவிடும்போதோ வாக்காளர்கள் அதை ஏற்கலாம், கட்சியை விட்டு விலகலாம், கவனிக்காமலும் போகலாம். இம்மூன்றில் எது நிகழும் என்பது தேர்தல் ஆய்வின் முக்கியக் கேள்விகளுள் ஒன்று.

ஆய்வுகள்

கட்சிகள் வாக்குக்காகப் பெரும்பான்மையின் கருத்தை நோக்கி நகரும். ஆனால் அடிக்கடி நிலை மாறினால் நம்பகத்தன்மை போய்விடும் என்றார் அந்தோனி டவுன்ஸ் (1957). பொருளாதாரம் போன்ற நடைமுறை விவகாரங்களில் ஏற்படும் மாற்றத்தை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், விழுமியம் சார்ந்தவற்றில் தண்டிக்கிறார்கள் என்பது மார்கிட் தாவிட்ஸின் முடிவு (2007). தேர்தல் அறிக்கையில் நேரும் மாற்றம் பெரும்பாலும் வாக்காளர் கண்ணில் படுவதே இல்லை என ஐரோப்பியக் கட்சிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆடம்ஸ் குழுவினர் காட்டினர் (2011).

திராவிட நாடு

'அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு' என்பது தென்னிந்தியாவைத் தனி நாடாக்கக் கோரிய தி.மு.க. மேடைகளின் முழக்கமாக இருந்தது. அக்கோரிக்கை நிறைவேறாது என்று 1961இல் பிரிந்த ஈ.வெ.கி. சம்பத்தின் தமிழ்த் தேசியக் கட்சி, 1962 தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை, தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. அவ்வாண்டே சீனப் போர் மூண்டது. இந்திய ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுப்பதை 1963இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கட்டாயமாக்கியது. தி.மு.க.வின் நிறுவனர் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். அதற்கான காரணங்கள் அப்படியே இருப்பதாகவும் சொன்னார்.

1967இல் தி.மு.க. 137 இடங்களுடன் ஆட்சியமைத்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட்கள் வரையிலான கூட்டணி ஆகியவை சேர்ந்து தந்த வெற்றி அது. வாக்கு விகிதத்தில் காங்கிரஸே சற்று முன்னிலையில் இருந்தது. ஆயினும் கொள்கையைக் கைவிட்டதற்காகத் தி.மு.க. தண்டிக்கப்படவில்லை.

எதிர்மாறான நிகழ்வு

பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் 2010இல் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்பதாகக் கையெழுத்திட்டனர். கூட்டணி அரசில் சேர்ந்ததும் உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயரக் கட்சித் தலைமை துணைநின்றது. 57 இடங்கள் 2015இல் 8 ஆயின; இச்சரிவுக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஒப்பீடு

தாவிட்ஸின் பகுப்புக்குள் இவ்விரண்டும் எளிதில் அடங்குவதில்லை: திராவிட நாடு விழுமியம் சார்ந்தது, கட்டணம் நடைமுறை சார்ந்தது; தண்டனையோ தலைகீழாக அமைந்தது. தி.மு.க. விட்டது தனிநாட்டுக் கோரிக்கையை; மொழிப் பற்றை அன்று. போரும் சட்டமும் நெருக்கியதையும் மக்கள் கண்டனர். சம்பத் அதே முடிவுக்கு முன்னரே வந்தபோது அந்த நெருக்கடி இருக்கவில்லை.